சூடு ஆறாத மெத்தை

அந்த அறையில் மெத்தை ஒன்று, குடும்பம் இரண்டு. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்தத் தெருக்காரர்களுக்கு வராது. முக்கால்வாசி வீட்டில் கதை அதுதான். பகலில் வேலைக்குப் போகிறவர்கள் ராத்திரி படுப்பார்கள், ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள் பகலில் படுப்பார்கள். ஒரு குடும்பம் எழுந்து போர்வையை உதறிய கையோடு இன்னொரு குடும்பம் வந்து சாயும். மெத்தைக்குச் சூடு ஆற நேரமே இருக்காது. "நம்ம வீட்டுக்காரரு சூரியனுக்குத் தனி வாடகை, நிலாவுக்குத் தனி வாடகை வாங்குறாருடி" என்பாள் ரொட்டிக்காரி. சொல்லிவிட்டு முதல் ஆளாக அவளே சிரிப்பாள்.

ரொட்டிக்காரிக்கும் அவள் புருஷனுக்கும் ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட். அவனுக்கு மாவு பிசையும் மெஷினில் வேலை. எத்தனை முறை குளித்தாலும் காது மடிப்பில் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருக்கும், அதனால் அவனுக்குப் பெயரே மாவு. அவளுக்கு அடுப்பு வாசலில் வேலை. கொதிக்கக் கொதிக்க வரும் தட்டுகளைக் கவிழ்த்து, ரொட்டியை ஆறப்போட்டு, நசுங்காமல் அடுக்க வேண்டும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கோடு கோடாகச் சூட்டுத் தழும்பு. ஊர் எழுந்து பல் தேய்த்துவிட்டுத் தின்கிற ரொட்டியெல்லாம் இவர்கள் தூக்கத்தை விற்றுச் செய்தது. ஒரு நாள் யாராவது அதை நினைத்திருப்பார்களா என்றால், இல்லை.

மெத்தையின் ராத்திரிப் பங்குக்காரி, சட்டைக் கம்பெனியில் காஜா மெஷின் ஓட்டுகிறவள். பொத்தான் நுழையும் ஓட்டையைச் சுற்றித் தைப்பதுதான் காஜா. காலை முதல் மாலை வரை சட்டை சட்டையாக ஓட்டை போடுவாள். காஜாக்காரி என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவள் புருஷன் பெயிண்டர், அதிகம் பேசாத சாது. அவர்களுக்கு ஒரு மகள், ஏழு வயது. அதன் சேட்டைக்கு வாலு என்று பெயர் வைத்தது ரொட்டிக்காரிதான். அப்புறம் கைப்பிள்ளை ஒன்று, தம்பி. அவனைக் கம்பெனியில் புதிதாக வந்த தொட்டில் அறைக்குக் கூடவே தூக்கிக்கொண்டு போவாள்.

வாலு பிறந்தபோது அம்மாவுக்குக் கம்பெனியில் விட்ட லீவு, பிள்ளைக்குக் கழுத்து நிற்பதற்குள் முடிந்துபோயிற்று. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்ற காஜாக்காரி, ராத்திரி வேலை முடிந்து வந்து படுத்திருந்த ரொட்டிக்காரியின் பக்கத்தில் துணிச் சுருட்டோடு பிள்ளையைப் போட்டுவிட்டு, "அக்கா, அழுதா கொஞ்சம் தட்டிக் குடுக்கா. சாயங்காலம் ஓடி வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அன்றைக்கு ஆரம்பித்தது. ரொட்டிக்காரி அதற்குப் பிறகு முழுத் தூக்கம் தூங்கியதே இல்லை. ஒரு காது பிள்ளையிடம் இருக்கும். ஒரு கை பிள்ளையின் மேல் கிடக்கும். ராத்திரி அம்மா பக்கத்தில், பகலில் பெரியம்மா பக்கத்தில் என்று பிள்ளை வளர்ந்தது. அந்த மெத்தையில் நிரந்தரமாகக் குடியிருந்தது அது ஒன்றுதான்.

ரொட்டிக்காரிக்குப் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரிப் படிகளை ஏறி இறங்கி, கால் ஓய்ந்து, புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே அந்தப் பேச்சை விட்டிருந்தார்கள். பிள்ளை இல்லையே என்று அழ அவளுக்கு நேரமும் இருக்கவில்லை. கண் அயர்ந்தால் இந்தச் சனியன் வந்து காது மடலைப் பிடித்துக்கொள்ளும். காதைப் பிடிக்காமல் அதற்குத் தூக்கம் வராது.

"பெரியம்மா, உன் மேல ரொட்டி வாசம்."

"உங்கம்மா மேல?"

"நூல் வாசம்."

"எது நல்லாருக்கு?"

"பசிச்சா நீ."

"அடி கள்ளி! பசி இல்லேன்னா நான் வேண்டாமா?" என்று அவள் இடுப்பில் கிள்ள, பிள்ளை கிரீச்சென்று கத்த, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் மாவு, "ரெண்டு பேரும் வெளிய போய்த் தொலைங்க, மனுஷன் தூங்கணும்" என்பான். அவனும் தூங்கமாட்டான். கேட்டுக்கொண்டே கிடப்பான்.

கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் ஒரு ஊர். ரொட்டித் தொழிற்சாலை இந்த ஊரில், சட்டைக் கம்பெனி அந்த ஊரில். ஜனங்கள் காலையும் மாலையும் பாலத்தின் மேல் எதிரும் புதிருமாகப் போய்வருவார்கள். வீடு என்று கேட்டால் மட்டும் இரண்டு ஊரும் கையை விரிக்கும். வேலை வாங்குகிற ஊர் வீடு கொடுக்கட்டும் என்று ஒன்று சொல்லும். படுக்கிற ஊர் கொடுக்கட்டும் என்று இன்னொன்று சொல்லும். பெரிய மனுஷர்கள் வருஷக்கணக்காக இந்தப் பந்தை உருட்டி விளையாடினார்கள். ஒரு மழைக்காலத்தில் கால்வாய் கரை புரண்டு, இரண்டு பக்கத்துத் தெருக்களும் சேர்ந்து மிதந்தன. சட்டி பானை, பிள்ளை குட்டிகளோடு இரண்டு ஊர்ச் சனமும் ஏறி நின்றது அந்த ஒரே பாலத்தில். பேப்பரில் படம் வந்தது. அப்புறம்தான் வெட்கம் வந்தது.

இரண்டு நகரத்தாரும் உட்கார்ந்து பேசி, கால்வாய் வளைந்து விலகுகிற இடத்தில் இரண்டு ஊர்க் குப்பையும் கொட்டிக் கிடந்த மேட்டைச் சமன்படுத்தி, கூட்டுக் குடியிருப்பு கட்டினார்கள். நடுவில் ஒரு முற்றம். முற்றத்தின் குறுக்கே ஓடும் மழைநீர்க் கால் என்கிற சிறு வாய்க்கால்தான் ஊர் எல்லை. அதற்கு இந்தப் பக்கக் கட்டடங்களுக்குப் பச்சை, அந்தப் பக்கத்துக்கு நீலம். இந்த ஊரில் வேலை செய்கிறவர்களுக்குப் பச்சை, அந்த ஊரில் வேலை செய்கிறவர்களுக்கு நீலம். வாடகை கைக்கு அடங்கியது. பெயிண்டருக்கு அங்கேயே வேலை கிடைத்தது. வாய் திறக்காத மனுஷன், சாயங்காலம் வந்தால் அந்த வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான். "ரெண்டு ரூம் அண்ணி. ஜன்னல் தொறந்தா காத்து நேரா வந்து மொகத்துல அடிக்குது. சமைக்கிற எடத்துலயே குழாய். குனிய வேண்டாம், அலைய வேண்டாம்."

அந்தச் சாயங்கால நேரம் ஒன்றுதான் இரண்டு குடும்பமும் சேர்ந்து விழித்திருக்கிற நேரம். ஒரே அடுப்பில் இவர்களுக்கு வேலைக்குப் போகும் சாப்பாடு, அவர்களுக்கு வேலை முடிந்து வந்த சாப்பாடு. தகரக் கூரை பகலெல்லாம் குடித்த வெயிலைக் கீழே கக்கும். அப்படி ஒரு சாயங்காலம், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ரொட்டிக்காரியிடம் காஜாக்காரி மெதுவாக ஆரம்பித்தாள்.

"அக்கா, விசாரிச்சுட்டு வந்தேன். பிள்ளை இருக்கிற குடும்பத்துக்குத்தான் வீடாம்."

ரொட்டிக்காரி நறுக்குவதை நிறுத்தவில்லை. "அப்ப உங்களுக்குக் கெடைச்சுடும். நல்லா இருங்க."

"உங்களுக்கு?"

"எங்களுக்கு என்ன? அடுத்து வர்ற குடும்பத்துக்கும் ராத்திரி படுக்க எடம் வேணும்ல. மெத்தை சும்மாவா கெடக்கப் போகுது?"

"வெங்காயத்துக்கு அழற மாதிரி அழாதக்கா. எனக்குத் தெரியும்."

"போடி."

காஜாக்காரி கத்தியைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். "வாலை உன் பேர்ல சொல்லிடுவோம். எங்களுக்குத் தம்பி இருக்கான், அவனை வச்சே எங்களுக்குக் கெடைக்கும். அவ உன் பிள்ளைன்னா உங்களுக்கும் கெடைக்கும். எதிரெதிர் வீடு. பிள்ளை எப்பவும் போல ரெண்டு பக்கமும் ஓடிட்டு இருக்கட்டும்."

"ஏன்டி, விளையாடுறியா? காகிதம் கேக்க மாட்டாங்களா?"

"கேக்க மாட்டாங்க. இந்தத் தெருவுல எவகிட்ட காகிதம் இருக்கு? மழையில போச்சுல்ல எல்லாம். அதனால நேர்ல வந்து பாத்துக்கிறாங்களாம். ரெண்டு ஊர் ஆபீசரும் சேந்து வருவாங்களாம். ஒரு வார்த்தை பிள்ளை சொன்னா போதும்."

ரொட்டிக்காரி புருஷனைப் பார்த்தாள். மாவு செருப்பை மாட்டியபடி குனிந்தே இருந்தான். "வேணாம்னு சொல்லுங்க" என்றாள். அவன் சொல்லவில்லை. அவனுக்கும் ஜன்னல் காற்று முகத்தில் அடிக்க வேண்டும் போலிருந்தது. அரிசி தீர்ந்தால் எடுத்துக்கொள்வது, சோப்புத் தீர்ந்தால் எடுத்துக்கொள்வது, மெத்தையில் பாதி எடுத்துக்கொள்வது என்று இருந்து பழகியவர்களுக்கு, பிள்ளையை ஒரு வார்த்தைக்கு இரவல் கொடுப்பது அன்றைக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து பகலில் பாடம் நடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வாலு வந்ததும், வேலையிலிருந்து கொண்டுவந்து போர்வைக்குள் பொத்தி வைத்திருக்கும் பன்னை எடுத்துக் கொடுத்து, ரொட்டிக்காரி எதிரே சம்மணம் போட்டு உட்காருவாள்.

"நான் யாரு?"

"பெரியம்மா."

"வந்தவங்க கேட்டா?"

"அம்மா."

"சத்தமா."

"அம்மா!"

பிள்ளைக்கு அது புது விளையாட்டு. சிரித்து உருளும். வேண்டுமென்றே "பாட்டி" என்று சொல்லி அடி வாங்கும். இரண்டே நாளில் நன்றாகக் கற்றுக்கொண்டது. ஆனாலும் ரொட்டிக்காரி பாடத்தை நிறுத்தவில்லை. காலையில் தலை வாரும்போது ஒரு தடவை, சோறு ஊட்டும்போது ஒரு தடவை, காதைப் பிடித்துக்கொண்டு தூக்கத்தில் விழப்போகும் நேரம் பார்த்து ஒரு தடவை. "எங்க, சொல்லு கண்ணு." பாதித் தூக்கத்தில் பிள்ளை "அம்மா" என்னும். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கும்.

"போதும் விடு" என்றான் மாவு, சுவரைப் பார்த்தபடியே. "அது எப்பவோ கத்துக்கிச்சு."

"மறந்துடுச்சுன்னா?"

"அது மறக்காது. உனக்குத்தான் போதல."

அவளுக்குச் சுருக்கென்றது. மறுநாள் கேட்காமல் இருந்து பார்த்தாள். சாயங்காலம் வரைக்கும்தான் முடிந்தது.

ஆபீசர்கள் வந்த அன்று தூறல். இந்த ஊர்க்காரர் கண்ணாடி போட்ட வயசான மனுஷன். அந்த ஊர்க்கார அம்மா குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். இரண்டு பேரும் நல்லவர்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரே அறையில் இரண்டு குடும்பம் என்பது அவர்கள் பார்க்காததும் இல்லை. காஜாக்காரி வேலைக்குப் போகாமல் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பெயிண்டர் வாசலோரம் நின்றான். ரொட்டிக்காரி மெத்தையில் உட்கார்ந்து, மடித்த போர்வையை மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வாம்மா" என்று அந்த அம்மா வாலைக் கூப்பிட்டாள். "உங்கம்மா யாரு, காட்டு."

பிள்ளை ஓடிவந்து ரொட்டிக்காரியின் மடியில் ஏறி உட்கார்ந்தது. அப்படி உட்காரச் சொல்லி யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. காது மடலைப் பிடித்துக்கொண்டது. "இதுதான் எங்கம்மா. எங்கம்மா மேல ரொட்டி வாசம் வரும், மோந்து பாருங்க. நான் தூங்கினா எங்கம்மா தூங்க மாட்டா. பன்னு போர்வைக்குள்ள ஒளிச்சு வச்சிருப்பா."

கண்ணாடிக்காரர் சிரித்துவிட்டார். அந்த அம்மாவும் சிரித்தபடியே, சுவரோரம் கையைக் காட்டி, "அவங்க யாரு?" என்று கேட்டாள்.

இதற்குப் பாடம் நடத்தப்படவில்லை. பிள்ளை காஜாக்காரியைப் பார்த்தது, கொஞ்சம் யோசித்தது. பிறகு ரொம்பத் தெளிவாகச் சொன்னது.

"அவங்க தம்பியோட அம்மா."

காஜாக்காரியும் சிரித்தாள். ஆபீசர்கள் குடையை எடுத்துக்கொண்டு போகும்வரை அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே இருந்தது. அப்புறம் தம்பியைப் பெயிண்டரிடம் கொடுத்துவிட்டு, கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்துப்போய் மறுபடியும் கழுவினாள்.

"நல்லா சொன்னா இல்லக்கா?" என்றாள், திரும்பாமல்.

"பிள்ளைடி அது. என்னத்தையோ உளறிச்சு."

"உளறல. நல்லாத்தான் சொன்னா."

வீடு கிடைத்தது. இரண்டு பேருக்கும் கிடைத்தது. தெருவே வந்து வாழ்த்திவிட்டுப் போனது. தட்டுமுட்டுச் சாமான்களைப் பிரிக்கும்போது மெத்தை மட்டும் மிஞ்சியது. பெயிண்டர் புதிதாக ஒன்று வாங்கியிருந்தான். "பழசை நீயே எடுத்துக்கக்கா" என்றாள் காஜாக்காரி. குரலில் கோபம் இல்லை. அக்கா என்பதும் குறையவில்லை. ஆனாலும் ரொட்டிக்காரிக்குக் கேட்டது; எதையோ கணக்குத் தீர்க்கிற குரல் அது.

பச்சைக் கட்டடத்தில் மூன்றாவது மாடி இவர்களுக்கு. நீலத்தில் மூன்றாவது மாடி அவர்களுக்கு. நடுவில் முற்றம், மழைநீர்க் கால். பால்கனியில் நின்றால் எதிர்ப் பால்கனியில் காயும் பாவாடையின் பூ வரைக்கும் தெரியும். ரொட்டிக்காரி இரண்டாவது அறையைக் கழுவித் துடைத்து, மெத்தையை அங்கே போட்டு, பிள்ளை வந்தால் படுக்க என்று வைத்தாள். மாவுக்கும் அவளுக்கும் முன்னறையில் ஒரு புதுப் படுக்கை.

பழக்கம் போகவில்லை. முதல் நாட்களில், பகல் தூக்கத்திலிருந்து சாயங்காலம் திடுக்கென்று விழித்து, போர்வையை மடித்து, தலையணையைச் சுவரோரம் சாத்தி, தரையைத் துடைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்பாள். "எங்க கெளம்பிட்ட? இன்னும் ஷிப்டுக்கு நேரம் கெடக்கு" என்பான் மாவு. "அவங்க வர்ற நேரம்…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்வாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் அவன் மட்டும் சிரித்தான். அப்புறம் அவனும் சிரிக்கவில்லை.

வாலு வரவில்லை. சொல்வதற்குக் காரணம் இருந்தது. இரண்டு ஊரும் சேர்ந்து முற்றத்தின் ஓரத்தில் பிள்ளைகள் கூடம் ஒன்று திறந்திருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளுக்கு அங்கே பால், படம் வரையத் தாள், ஊஞ்சல், படிப்புச் சொல்லிக் கொடுக்க ஒரு டீச்சர். குறை சொல்ல இடமில்லை. குறை சொல்ல இடமில்லாததுதான் அவளுக்குக் குறை. "அங்க நல்லா பாத்துக்கிறாங்கக்கா. நீயும் பாவம், இனியாவது பகல்ல நிம்மதியா தூங்கு" என்று காஜாக்காரி முற்றத்தில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். நிம்மதியாகத் தூங்கு என்று ஒருத்தியைத் திட்டவும் முடியும் என்று ரொட்டிக்காரிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், பன்னைத் துணியில் சுற்றிக்கொண்டு கூடத்துக்கே போனாள். கம்பிக் கதவுக்கு வெளியே நின்றாள். டீச்சர், "யாரு வேணும்?" என்று கேட்பதற்குள் வாலு பார்த்துவிட்டது. ஊஞ்சலிலிருந்து குதித்து, "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தது. பழைய விளையாட்டு. பன்னைக் கண்டால் அந்த வார்த்தை வரும் என்று இவள்தானே பழக்கினாள்.

"அம்மாவா? உள்ள வாங்கம்மா" என்று டீச்சர் கதவைத் திறந்தாள். ரொட்டிக்காரிக்குப் பின்னால், வேலை முடிந்து நேரே வந்த காஜாக்காரி நின்றுகொண்டிருந்தாள். தலைமுடியில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது.

பிள்ளையை உள்ளே விளையாட அனுப்பிவிட்டு, இரண்டு பெண்களும் மழைநீர்க் கால் பக்கம் வந்தார்கள். ஒருத்தி இந்தப் பக்கமும் இன்னொருத்தி அந்தப் பக்கமும் நின்றார்கள். வேண்டுமென்று நிற்கவில்லை. அப்படி அமைந்துவிட்டது.

"பன்னு குடுக்க வந்தேன்டி. சூடா இருந்துச்சு."

"பன்னு குடுத்ததுக்கு ஒண்ணுமில்லக்கா. அவ உன்னை என்னன்னு கூப்பிட்டா?"

"விளையாட்டுக்குச் சொல்றா. பழகிடுச்சு."

"அதான். பழகிடுச்சு."

"நீதானேடி சொன்னே, என் பேர்ல சொல்லிடலாம்னு. நானா வந்து கேட்டேன்? நாக்கு மேல பல்லப் போட்டுச் சொல்லு, நான் கேட்டேனா?"

"நீ கேக்கல. நான்தான் சொன்னேன், என் வாயாலதான் சொன்னேன். ஒரு நாளு, வர்றவங்க முன்னாடி ஒரே ஒரு வார்த்தை, அதோட போச்சுன்னு நெனச்சேன். நீ தெனமும் சொல்ல வச்சிருக்க. தூக்கத்துல சொல்றாக்கா. ராத்திரி என் பக்கத்துல படுத்துக்கிட்டு, தூக்கத்துல அம்மாங்கிறா. நான் என்னடா கண்ணுன்னு கேட்டா, கை காதைத் தேடுது. என் காதுல தோடு குத்துது, தட்டி விட்டுடறா."

ரொட்டிக்காரியின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் தோடு போடுவதில்லை. அடுப்பு அனலில் தோடு சூடேறும் என்று எப்போதோ கழற்றியது.

"தப்புத்தான்டி" என்றாள். "ஆசைப்பட்டுட்டேன். ஆனா அவளைத் தூக்கி வளத்தவடி நான். கழுத்து நிக்காதப்ப நீ கொண்டுவந்து போட்டுட்டுப் போனியே…"

"தெரியும். அதான் சண்டை போட முடியல. வேற எவளாவது இருந்தா இந்த முற்றமே பாக்கக் கிழிச்சுத் தொங்கப்போட்டிருப்பேன்." காஜாக்காரி முடியில் ஒட்டியிருந்த நூல் பிசிறை இழுத்துப் போட்டாள். "நான் பகல் பூரா ஓட்டை போட்டுட்டு வருவேன். வர்றதுக்குள்ள அவ சாப்பிட்டு, சிரிச்சு, விளையாடி, கதையெல்லாம் உன்கிட்ட சொல்லி முடிச்சிருப்பா. எனக்கு மிச்சம் தூங்குற பிள்ளைதான். முழிச்சிருக்கிற பிள்ளையை நான் பாத்ததே இல்லக்கா. இந்த வீடு வந்து, கம்பெனி பக்கத்துலயே இருக்கப்போய், இப்பத்தான் வெளிச்சத்துல வீட்டுக்கு வர்றேன். இப்பத்தான் அவளுக்கு ஒரு பல்லு கோணலா மொளைக்குதுன்னே பாக்குறேன்."

ரொட்டிக்காரிக்கு அந்தப் பல்லை முதலில் பார்த்தது யாரென்று தெரியும்.

"நான் என்னடி பண்ணட்டும், சொல்லு."

"வீட்டை நீ வச்சுக்க. நான் கெடுக்க மாட்டேன். வருஷம் ஆனதும் மறுபடி வந்து பாத்துட்டுத்தான் நிரந்தரம் பண்ணுவாங்களாம்ல, அன்னிக்கு அவளை அனுப்புறேன். வாக்கு மாற மாட்டேன். மத்த நாளெல்லாம் என் பிள்ளையை எனக்கு விட்டுடுக்கா. உன் கால்ல வேணா விழறேன்."

"ச்சீ, என்னடி பேச்சு" என்று ரொட்டிக்காரி இரண்டு கையையும் நீட்டினாள். கையில் பன் இருந்தது. காஜாக்காரி அதை வாங்கிக்கொண்டாள். கையைத்தான் பிடிக்கவில்லை.

அன்று ரொட்டிக்காரி வேலைக்குக் கிளம்பாமல் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. மாவு அதை மூடினான்.

"வீடே வேணாம்னு திருப்பிக் குடுத்துடலாமா?" என்றான்.

"என்னன்னு சொல்லிக் குடுப்பீங்க? பொய் சொன்னோம்னா? அவளும் சேந்துல்ல சொன்னா. அவ வீடும் போயிடும். பிள்ளை மறுபடி தெருவுல நிக்கணுமா?" மூக்கைச் சிந்தினாள். "அப்படியே குடுத்தாலும், பிள்ளை வந்துடுமா?"

சாப்பாட்டு டப்பாவை அவனே கட்டினான்.

வெயில் காலம் போய் மழை வந்தது. ரொட்டிக்காரி வாக்கைக் காப்பாற்றினாள். கூடத்துப் பக்கம் போகவில்லை, முற்றத்தில் எதிரே வந்தால் ஒதுங்கிக்கொண்டாள். பார்ப்பதை மட்டும் யாரும் தடுக்கவில்லை. மதியத் தூக்கத்தைப் பாதியில் விட்டு எழுந்து பால்கனியில் துணி காயப்போடுவாள். ஈரமில்லாத துணியைக் கூடக் காயப்போடுவாள். ஆரம்பத்தில் வாலு எதிர்ப் பால்கனியிலிருந்து இரண்டு கையையும் ஆட்டும். போகப் போக ஒரு கை. பிறகு தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே ஓடியது. பிள்ளைகள் அப்படித்தான், அதன் மேல் தப்பு சொல்ல முடியாது. பல்லு நேராக முளைத்ததா என்று இவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

ஆபீசர்கள் மறுபடி வரப்போகும் நாளைச் சொல்லியனுப்பினார்கள். ரொட்டிக்காரி வேலை முடிந்து வந்து படுக்கவே இல்லை. வீட்டைத் துடைத்தாள். இரண்டாவது அறை மெத்தைக்குப் புது உறை போட்டாள். பன்னைப் போர்வைக்குள் பொத்தி வைத்தாள்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. தெரிந்த பிள்ளை தட்டுகிற தட்டு இல்லை. தட்டிவிட்டு வெளியே காத்திருக்கிற தட்டு. திறந்தால் வாலு நின்றது. எண்ணெய் தேய்த்துப் படிய வாரியிருந்தது. வளர்ந்திருந்தது. படிக்கட்டில் யாரோ இறங்கிப் போகும் காலடி கேட்டது. காஜாக்காரி மேலே வரவில்லை.

"வாடி என் கண்ணு! உள்ள வா, ஏன் அங்கயே நிக்கிற?"

பிள்ளை செருப்பைக் கழற்றி, ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்தது. "எங்க உக்காரணும்?" என்று கேட்டது.

"எங்க வேணா உக்காரு. உன் வீடுடி இது."

மெத்தையின் ஓரத்தில், முழங்காலைச் சேர்த்து வைத்து உட்கார்ந்தது.

"தண்ணி குடிக்கிறியா? பன்னு இருக்கு. எங்க ஒளிச்சு வச்சிருக்கேன், சொல்லு பாப்போம்."

"அப்புறம் சாப்பிடுறேன். அவங்க எப்ப வருவாங்க?"

"வந்துடுவாங்க. பள்ளிக்கூடத்துல என்ன சொல்லித் தந்தாங்க? பெரியம்மாகிட்ட ஒரு கதை சொல்லேன்."

"கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லணும்னு அம்மா சொன்னாங்க." பிறகு, பாவம் என்று நினைத்ததோ என்னவோ, "நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டது.

"நல்லா இருக்கேன்டி" என்றாள்.

அதே கண்ணாடிக்காரர், அதே குடைக்கார அம்மா. மாவு ஓடிப்போய் இரண்டு நாற்காலி இரவல் வாங்கி வந்தான். அறைகளைச் சுற்றிப் பார்த்தார்கள், குழாயைத் திறந்து பார்த்தார்கள். அந்த அம்மா வாலின் கன்னத்தைத் தட்டினாள். "அடேங்கப்பா, எவ்வளவு வளந்துட்ட! உங்கம்மா யாரு?"

பிள்ளை கையை நீட்டியது. "இவங்கதான் எங்கம்மா."

"எங்க தூங்குவ?"

"இங்கதான். இந்த மெத்தையில."

"அம்மா நல்லா பாத்துக்கிறாங்களா?"

"ம். நல்லா பாத்துக்கிறாங்க."

ஒரு பிசிறு இல்லை. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மடியில் ஏறவில்லை. கண்ணாடிக்காரர் எழுந்து மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இனிமே இது உங்க வீடு. யாரும் உங்களைக் கெளப்ப முடியாது. சந்தோஷமா இருங்க." அந்த அம்மா போகும்போது திரும்பி ரொட்டிக்காரியைப் பார்த்து, "பிள்ளையை நல்லா வளத்திருக்கீங்க. எவ்வளவு அடக்கம்" என்றாள்.

படியில் அவர்கள் சத்தம் அடங்கியது. வாலு ரொட்டிக்காரியின் பக்கம் திரும்பியது.

"சரியா சொன்னேனா?"

"சரியா சொன்னே கண்ணு. ரொம்பச் சரியா சொன்னே."

"அப்ப நான் வீட்டுக்குப் போகட்டுமா?"

ரொட்டிக்காரி போர்வைக்குள் கையை விட்டுப் பன்னை எடுத்தாள். சூடு போயிருந்தது. அதைத் துணியில் சுற்றி, தம்பிக்கும் ஒன்று சேர்த்து வைத்துக் கொடுத்தாள். பிள்ளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டி, படியில் ஒவ்வொன்றாக இறங்கியது. பாதிப் படிக்குப் பிறகு ஓட ஆரம்பித்தது. முற்றத்தைத் தாண்டி, மழைநீர்க் காலை ஒரே தாவலில் தாண்டி, "அம்மா!" என்று கத்தியது. அந்தச் சத்தம் மூன்றாவது மாடி வரைக்கும் நன்றாகக் கேட்டது. அது கூப்பிட்டது யாரை என்பதில் இந்த முறை யாருக்கும் சந்தேகம் இல்லை.

மாவு கதவைச் சாத்திவிட்டு வந்தான். "வீடு நம்மளுதாயிடுச்சு" என்றான். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நின்றான். அவள் மெத்தைப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். புது உறையில், ஓரத்தில், பிள்ளை உட்கார்ந்திருந்த இடம் லேசாக அமுங்கியிருந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"எந்திரி. ராத்திரி பூரா நின்ன காலு. கொஞ்ச நேரமாவது படு."

"இருங்க" என்றாள். "கொஞ்சம் சூடு இருக்கு. ஆறட்டும், வர்றேன்."